யாருடைய நாலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மும்பை மழைக்காலம் பற்றிய கட்டுரையில், எச்சரிக்கைதான் கைப்பேசிக்கே வந்துவிடுகிறதே, இனி மக்கள்தான் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை வருடம் உங்கள் பத்திரிகையைப் படித்தவளுக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2005 ஜூலை 26 வெள்ளத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. என் கணவர் அந்தேரியிலிருந்து தண்டவாளத்தோடு நடந்து மறுநாள் மதியம்தான் தாராவி வந்து சேர்ந்தார். 90 அடி ரோட்டில் கயிறு கட்டி ஆட்களைக் கரை சேர்த்தவர்கள் எங்கள் பையன்கள். அவர்களுக்கா பொறுப்பு இல்லை?

அதற்கப்புறம் எவ்வளவோ வந்துவிட்டது, மறுக்கவில்லை. வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்ல 2020-இல் ஐஃப்ளோஸ் என்ற எச்சரிக்கை அமைப்பு வந்தது. மழை மேகங்களைக் கண்காணிக்கும் கொலாபா ராடாருக்குத் துணையாக 2022-இல் வெராவலியில் இன்னொன்று வந்தது. மழை வரும் என்று தெரிகிறது, சரி. தெரிந்த சேதி ஓர் அலுவலகத்திலிருந்து பக்கத்து அலுவலகத்துக்குப் போகிறதா?

போன ஜூனில் எங்கள் சந்து முனையில் நாலா, அதாவது மழைநீர்ச் சாக்கடைக் கால்வாய், அடைத்துக்கொண்டது. மகள் படம் எடுத்துச் செயலியில் புகார் போட்டாள். மூன்றாம் நாள் புகார் தீர்க்கப்பட்டதாகப் பதில் வந்தது. நாலாவில் ஒரு கூடை சேறுகூட எடுக்கவில்லை. நேரில் போனோம். அந்தத் துண்டு எங்களுடையது இல்லை, வேறு ஆபீஸுக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனால் மறுபடி அதே படம், அதே முகவரி, அதே ஆதார் ஜெராக்ஸ். முதல் புகார் அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லையாம். அந்த வாரமே தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. நடக்க முடியாத மாமியாரை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். இதில் நாங்கள் எந்தப் பொறுப்பைத் தவறவிட்டோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது புதிதும் இல்லை. 2021 மே மாதம் 18 முதல் 44 வயது வரையுள்ளவர்கள் இணையத்தில் பதிந்தால்தான் கொரோனா தடுப்பூசி என்றார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத இட்லி வியாபாரப் பையன்கள் என் மகளிடம் வந்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மழை முடியும்வரை கடல் ஏறும் நேரத்தையும் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறையின் 1916 எண்ணையும் தினமும் முதல் பக்கத்தில் போடுங்கள். கடல் ஏறும் நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் எங்கள் பக்கம் தண்ணீர் வடியாது. செயலி இல்லாத பெரியவர்கள் டீக்கடையில் உங்கள் பத்திரிகையைத்தான் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை