கியர் பாக்ஸைப் பிரிக்கச் சொல்லாதே, கண்ணு

அன்பு மகளுக்கு,

சங்ககிரியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலந்தானே?

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. சேலத்தில் பூப்பெட்டிகளை இறக்கிவிட்டு, உர மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் மேடு ஏறும்போது, "கியர் ஸ்லிப் ஆகுதுப்பா, இன்ஜின் கத்துது, பிக்கப் ஏறமாட்டேங்குது" என்றாய். ஓசூர் பட்டறையில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலே கியர் பாக்ஸைப் பிரிக்கணும் என்றார்களாம். அவசரப்படாதே. போனில் சொன்னால் பாதி நினைவில் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வேறு வேறு கோளாறுகளுக்கு நாம் "கியர் ஸ்லிப்" என்று ஒரே பேர் வைத்திருக்கிறோம். ஒன்றில் கியர் லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்து விழும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதோ குழியில் இறங்கும்போதோ கையில் தட்டும். அப்படியென்றால் கியர் பாக்ஸுக்குள் பூட்டுக் குண்டோ ஸ்பிரிங்கோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மவுண்டிங் ரப்பர் போயிருக்கும். மற்றதில் லீவர் போட்ட இடத்திலேயே இருக்கும். இன்ஜின் சுற்று ஏறும், வண்டியின் வேகம் மட்டும் ஏறாது. அது கிளட்ச், இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோகும் பிளேட் வழுக்குவது. லீவர் அசையவே இல்லை என்று நீதான் சொன்னாய். சுற்றும் சேர்ந்து இறங்கி வண்டி திணறியிருந்தால் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உன் வண்டியில் இன்ஜின் கத்துகிறதே.

சந்தேகம் தீர ஒரு சோதனை. காலி வண்டியைச் சமதரையில் நிறுத்து, முன்னால் ஆளோ சுவரோ இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வை. நாலாவது கியரைப் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை மெதுவாக விடு. கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மீதியிருக்கும் பிளேட்டும் கருகிப்போகும்.

அதற்கும் முன்னால் கிளட்ச் பெடலைப் பார். பெடல் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, விரலால் அழுத்து. பாரம் தெரியாமல் கொஞ்ச தூரம் சும்மா இறங்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்று வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது இல்லாமல் போனால், பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும், நீ பெடலில் கால் வைக்காதபோதும் பாதி மிதித்த மாதிரிதான். கேபிள் வண்டியானால் நட்டைத் திருகிச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் என்றால், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

பிறகு குனிந்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியைப் பார். ஆயில் கசிந்திருந்தால் விரலில் தொட்டுப் பார். கறுப்பாக இளகியிருந்தால் இன்ஜின் ஆயில், அதை வெளியே விடாமல் தடுக்கும் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பட்டறை வைத்த புதிதில் ஒரு தக்காளி வியாபாரியின் வண்டிக்குப் பிளேட் மாற்றிக் கொடுத்தேன். சீல் லேசாகக் கசிந்திருந்ததைப் பார்த்தும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் ஆகவில்லை, புதுப் பிளேட் ஆயிலில் ஊறி, லோடோடு வழியில் நின்றுவிட்டது. தக்காளி அத்தனையும் அழுகிப்போனது. அடுத்த தடவை கூலி வாங்காமல்தான் செய்தேன், ஆனால் அந்த மனிதரின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே பிளேட்தான் என்று தெரிந்தால், கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் பிரிக்க வேண்டாம். இறக்கும்போது நீ பக்கத்தில் நில். பிளேட்டில் தேயும் பரப்பு ரிவெட் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் அது முடிந்துவிட்டது. அந்தப் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ அதையும் மாற்று. ரிலீஸ் பேரிங்கை எப்படியும் மாற்றிவிடு, அதற்காக மட்டும் இன்னொரு தடவை பாக்ஸை இறக்க முடியாது. பிளேட் ஒட்டிச் சுழலும் இன்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டுப் புள்ளி இருந்தால் லேத்துக்கு அனுப்பச் சொல். சீலில் ஈரம் தெரிந்தால் புதுசு. மாட்டும்போது பிளேட்டைச் சென்டர் பண்ணாமல் போல்ட்டை முறுக்கக் கூடாது. எதிரெதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஆயில் பட்ட கையோடு பிளேட்டைத் தொடவும் விடாதே.

முடித்தபின் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு லோடு ஏற்றாதே. பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் உனக்கு உண்டு, நான் பழக்கியபோதே கவனித்தேன், அப்போதே கண்டித்திருக்க வேண்டும். மேட்டில் நிற்கும்போது கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து வைக்காதே, ஹேண்ட் பிரேக் போடு.

சரிசெய்யும் வரை தொப்பூர் பக்கம் வரவே வேண்டாம். ஏறும்போது வழுக்குகிற கிளட்ச், தர்மபுரியிலிருந்து இறங்கும்போது கியரில் வண்டி நிற்க விடாது. பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். அந்த இறக்கத்தில் நியூட்ரலில் வந்து போன உயிர்கள் எத்தனை என்று இந்த ஊரில் லாரி ஓட்டும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிப்ரவரி ரோஜா சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதுவரை பெட்டிகளை வாடகை வண்டியில் அனுப்பு. செலவை நான் தருகிறேன்.

நாளைக் காலையில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, பெடல் எத்தனை மில்லிமீட்டர் சும்மா இறங்குகிறது என்று போன் பண்ணு. பாக்ஸ் இறக்கும் நாளைச் சொன்னால் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா