சுமைதாங்கிப் படத்தைத் திருப்பி அனுப்பவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதையில் நடந்துவந்த ஒருவரின் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. கொப்புளத்தைப் பற்றி அவர் எழுதியது உண்மை, அனுபவித்தவன் சொல்கிறேன். கடைசிப் பத்தியில்தான் அந்த வரி வந்தது: "நம்மூரில் காலார நடக்க ஒரு பாதை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை." எழுதியவர் சின்னப் பையன் போலத் தெரிகிறது, அவரை விட்டுவிடுகிறேன். ஆனால் நாலு மேசை தாண்டித்தானே அது அச்சுக்குப் போயிருக்கும்? ஒரு மேசையிலாவது ஒருவர் பேனாவை எடுத்திருக்கக் கூடாதா?

நான் 35 வருடம் கால்க்கரையில் லஸ்கராக இருந்தவன். லஸ்கர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் உதவி ஆசிரியர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்: அணையில் திறந்த தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேருகிறதா என்று கரை மேலேயே நடந்து பார்ப்பவன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் வாய்க்காலுக்கே பெயர் கால்தான். பட்டணங்கால், தோவாளைக் கால், அனந்தனார் கால். காலோரம் காலால் நடந்து பென்ஷன் வாங்குகிறவனிடம் வந்து பாதையே இருந்ததில்லை என்கிறீர்கள்.

காலை நாலரைக்குக் கரையில் நிற்க வேண்டும். செருப்பு ஆகாது, வழுக்கும். டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு கரையின் வெளிச்சரிவைப் பார்த்தபடி போக வேண்டும். தண்ணீர்ப் பக்கத்தைப் பார்த்து நடக்கிறவன் புது ஆள். நண்டு வளை வழியாகக் கசிவு கண்டால் வெளிச்சரிவில்தான் முதலில் மண் கறுக்கும். அந்த இடத்தில் குதிகாலை வைத்து அழுத்துவேன். நல்ல மண் தாங்கும், கசிவு மண் பொதுக்கென்று உள்ளே போகும். ஒரு குச்சியை நட்டுவிட்டு ஆள் கூட்டி வந்து களிமண் வைத்து அடைக்க வேண்டும், மதியம் வரை விட்டால் உடைப்புதான். என் வழியில் எத்தனை பேர் வருவார்கள் தெரியுமா? பால்காரர், நாற்று நடப் போகும் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். யாரும் அதைப் பாதை என்று வாயால் சொன்னதில்லை. "கரை வழியே வா" என்பார்கள், அவ்வளவுதான்.

பழையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பூதப்பாண்டியில் கரை ஏறினால் ஒழுகினசேரி, சுசீந்திரம் தாண்டி மணக்குடிக் காயல் வரை ஆற்றை விட்டு விலகாமல் வந்துவிடலாம். வீரநாராயணமங்கலம், சபரி அணை, சோழன்திட்டை என்று வழியில் வரும் ஒவ்வொரு தடுப்பணையிலும் கொஞ்சம் உட்கார்ந்து காலை நனைத்துவிட்டு எழும்பலாம். வயல் முடிந்து தென்னை வரும், தென்னை முடிந்து உப்பளம் வரும், அப்புறம் உப்புக்காற்று மூக்கில் அடிக்கும். காலையில் புறப்பட்டு நிதானமாக நடந்தால் சாயங்காலம் கடலைப் பார்க்கலாம். மலையடிவாரம், ஆற்றுப் பள்ளத்தாக்கு, கடற்கரை என்று நீங்கள் பத்துப் பக்கம் கலர் படம் போட்ட மூன்றும் ஒரே நாளில். டிக்கெட் கிடையாது.

சரி, அது பிழைப்புக்கு நடந்த நடை, மனசுக்காக நடந்தது அல்ல என்பீர்கள். சிவாலய ஓட்டம் பிழைப்புக்கா? சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா கோபாலா". சிவன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கோவிந்தனைக் கூப்பிடுகிற ஊர் வேறு எங்கே உண்டு? திக்குறிச்சியில் ஆற்றில் முங்கி, திற்பரப்பில் அருவிச் சத்தத்தைக் கேட்டு, நடுச்சாமத்தில் யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் கொடுத்த சுக்குவெந்நீரைக் குடித்து, நான் ஒன்பது தடவை ஓடியிருக்கிறேன். இப்போது பாதிப் பேர் பைக்கிலும் வேனிலும் போகிறார்கள். அதையும் உங்கள் இதழ்தான் "ஒரே நாளில் பன்னிரண்டு கோயில், சுலபமாக" என்று வழிகாட்டி போட்டுச் சிறப்பித்தது.

உங்கள் கட்டுரையாளர் நடந்த அதே பாதையில் நானும் நடந்திருக்கிறேன். மகள் பிளிமத்தில் நர்ஸ். 2016-ல் மூன்று மாதம் அங்கே இருந்தேன். கம்பத்துக்குக் கம்பம் ஓக் கொட்டைச் சின்னம், மாட்டு வேலியைத் தாண்ட மரப்படி, எல்லாம் அழகு. ஓர் இடத்தில் எர்ம் என்று ஒரு சிற்றாறு கடலில் சேருகிறது. பாலம் இல்லை. கடல் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும்தான் இறங்கிக் கடக்க முடியும். மகள் பயந்தாள். நான் பேண்டை மடித்துவிட்டு இறங்கினேன். முழங்கால் அளவுத் தண்ணீர், அடியில் கெட்டி மணல். மணக்குடியில் காயல் கடலோடு சேரும் பொழியில் சின்ன வயதில் இறங்கியது போலவே இருந்தது, குளிர் மட்டும்தான் வேறு.

அந்த 630 மைல் தடம் எப்படி வந்தது? கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்கக் கடற்காவலர்கள் வளைவுக்கு வளைவு ரோந்து நடந்து போட்டது. எங்கள் தடம் கடவம் என்கிற ஓலைப்பெட்டியில் மீனைத் தலையில் வைத்து, மீன் கெடுவதற்குள் சந்தைக்குச் சேர ஓட்டமும் நடையுமாகப் போன பெண்கள் போட்டது. போலீஸ்காரன் நடந்தால் பாரம்பரியம், மீன்காரி நடந்தால் ஒன்றுமில்லை, அப்படித்தானே? அங்கேயும் பாதை சும்மா கிடைத்துவிடவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறியவர்களில் சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-ல் சட்டம் போட்டு, நடைவழிகளை எல்லாம் வரைபடத்தில் ஏற்ற வைத்தார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. காபிக் கடைக்கு ஒரு பெட்டிச் செய்தி இருந்தது.

எங்களுக்கும் வரைபடம் உண்டு. சர்வே இலாகாவின் புலப்படத்தில் புள்ளிக்கோடாக ஓடுவது பாதைதான். எங்கள் ஊர்ப் படத்தில் காயல் பக்கம் போகும் அப்படி ஒரு புள்ளிக்கோட்டின் மேல் ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் தோப்பு வாங்கி மதில் கட்டினார். இருபது வருடம் தடையில்லாமல் நடந்த வழிக்கு உரிமை உண்டு என்று 1882-ம் வருடத்து ஈஸ்மெண்ட் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த வழியில் என் அம்மாவுக்கு அம்மா நடந்திருக்கிறாள். மனு கொடுத்தேன். "அவ்வழியைப் பொதுமக்கள் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை" என்று பதில் வந்தது. மதில் கட்டிய பிறகு எப்படி ஐயா பயன்படுத்துவது? நாளைக்கு உங்கள் கட்டுரையையும் வெட்டி ஃபைலில் சேர்த்துக்கொள்வார்கள். பத்திரிகையே பாதை இருந்ததில்லை என்று சொல்லிவிட்டதே.

2018-ல் குரங்கணியில் தீயில் மாட்டி அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, வர வேண்டியதுதான். 2024-ல் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்ற வழிகளை அறிவித்தது. அதையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஆன்லைனில் பணம் கட்டினால் மட்டும்தான் அது பாதை, சும்மா நடந்தால் அத்துமீறல் என்று ஒரு நினைப்பு வளர்ந்துவிட்டது. அந்த நினைப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களில் நீங்களும் ஒருவர்.

இது என் ஐந்தாவது கடிதம். மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் படத்தைப் போட்டு "பழங்கால ரயில் பாலம்" என்று எழுதினீர்கள். 115 அடி உயரத்தில் அதன் மேல் ஓடுவது பட்டணங்கால் தண்ணீர், கட்டியது 1966-ல் என்று எழுதினேன். திருத்தம் வரவில்லை. அதற்கு முந்தைய கடிதத்தில் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒட்டி, "கட்டுரை அருமை. தொடரட்டும் உங்கள் பணி" என்று என் பெயரில் வெளியிட்டீர்கள். நடுவில் இருந்தது முழுக்கத் திட்டு. தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

இந்தக் கடிதத்தை வெளியிடச் சொல்லிக் கேட்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் "வாசகர் வீட்டுப் பழைய படங்கள்" கேட்டீர்கள் அல்லவா, அதற்கு நான் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினேன். வெளியிடவும் இல்லை, திரும்பவும் இல்லை. அது ஒன்றுதான் பிரதி. மடித்து அனுப்பியது என் தப்பு, நடுவில் கோடு விழுந்திருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். நாட்டிய இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், சுமைதாங்கி. அதன் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி கடவத்தை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். இன்னொருத்தி முழங்காலை லேசாக மடக்கி, தலையிலிருந்து கடவத்தைக் கல்லின் மேல் நகர்த்துகிறாள், ஒரு கை விளிம்பில். உதவிக்கு ஆள் தேவையில்லாத உயரத்தில்தான் அந்தக் கல்லை வைப்பார்கள். முகத்தில் கடவத்தின் நிழல் விழுந்து அவள் யாரென்று தெரியாது. சும்மாடு தெரியும். கடவத்தில் இருப்பது கருப்பட்டி, வடசேரிச் சந்தைக்குப் போகிறது. அது என் அம்மா.

அந்தக் கல்லும் இப்போது இல்லை, மதிலுக்கு அஸ்திவாரமாகப் போய்விட்டது. ஸ்டாம்ப் ஒட்டிய கவரும் உள்ளே வைக்க ஓர் அட்டையும் இத்துடன் இருக்கின்றன. இந்த முறை மடிக்காமல் அனுப்பவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர்,
நாகர்கோவில்