ஸ்கீமா எழுதும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையப் படிவங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்கீமா (எந்தக் கட்டத்தில் எந்த மாதிரித் தரவு வரலாம் என்ற விதிகள்) எழுதும் தோழர்களே,

வணக்கம். நானும் அதே பிழைப்புதான். ஃபாஸ்டிஃபை என்ற சர்வர் கட்டமைப்பில் ஏபிஐ (படிவமும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி) எழுதுகிறேன். வரும் தரவைச் சரிபார்க்க அதோடு சேர்ந்தே வரும் ஏஜேவி என்ற சரிபார்ப்பு நிரலை நம்பித்தான் என் பாதி வேலை ஓடுகிறது. அதனால் இங்கே சொல்லும் குறைகளில் பாதி என் தலையிலும் விழும்.

போன மாதம் அத்தைக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 'பெயரைத் தமிழில் எழுதவும்' என்று மேலே போட்டிருந்தது. 'செல்வி' என்று அடித்தேன். 'தவறான பெயர்' என்று சிவப்பில் வந்தது. "பொறந்ததுல இருந்து இதுதான்டா என் பேரு" என்றார் அத்தை. எனக்கு ஒரு சந்தேகம். கொம்பு, புள்ளி, கொக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'சலவ' என்று அடித்துப் பார்த்தேன். ஏற்றுக்கொண்டது!

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பெயருக்கான பேட்டர்னில் (எந்தெந்த எழுத்து வரலாம் என்ற விதியில்), எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்திருப்பார்கள். ஆனால் யூனிகோடு கணக்கில் ச, ல, வ எழுத்துகள். ஒற்றைக்கொம்பும் புள்ளியும் இகரக் கொக்கியும் 'குறி' என்ற வேறு வகை. அந்த வகையையும் சேர்க்காவிட்டால் புள்ளியோ காலோ உள்ள எந்தப் பெயரும் உள்ளே போகாது. அவை இல்லாத தமிழ்ப் பெயரை யோசித்துப் பாருங்கள், ஒரு கை விரலுக்குள் முடிந்துவிடும். 'அ முதல் ஹ வரை' என்று எழுதுவதும் இதே குழிதான். குறிகள் எல்லாம் ஹ-வுக்குப் பிறகுதான் வருகின்றன. அந்த வரியை நானே ஒரு வருடம் ஓடவிட்டிருக்கிறேன்.

அடுத்தது இனிஷியல். 'கடைசிப் பெயர்' கட்டாயம், குறைந்தது 2 எழுத்து என்று ஸ்கீமாவில் இருக்கும். நம்மில் பலருக்குக் கடைசிப் பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். ஜேசன் ஸ்கீமா (நாம் ஸ்கீமா எழுதும் முறை) நீளத்தை எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை வைத்து. அதனால் அப்பா குமார் என்றால் 'கு' (க-வும் உகரக் குறியும்) இரண்டாகி தேறிவிடும். சண்முகம் என்றால் 'ச' ஒன்றாகி விழுந்துவிடும். இது எந்த ஊர் நியாயம்?

மாவட்டப் பட்டியலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 'கோயம்புத்தூர்' என்பதில் உள்ள கோ-வை ஓகாரக் குறி ஒன்றே ஒன்றாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கீமாவில் அனுமதித்த மதிப்புகளின் பட்டியலோடு (enum) ஒப்பிடும்போது மட்டும் வேறு வேறு ஊர். சரிபார்ப்புக்கு முன்னால், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் போதும், ஒரு வரி வேலை.

ஃபாஸ்டிஃபை தன் இயல்பில் தரவு வகை மாற்றத்தையும் (சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, எண்ணாக்குவது போன்றவை) இயக்கியே வைத்திருக்கிறது. தொலைபேசியின் ஊர்க் குறியீடு முழு எண் என்று ஸ்கீமாவில் எழுதினால், சரமாக வரும் சென்னையின் 044 சத்தமில்லாமல் 44 ஆகிவிடும். வயதில் 'நல்' (null, மதிப்பு இல்லை என்ற குறி) வந்தால் 0. பிழை என்று ஒரு சொல் வராது. கூட்டிக் கழிக்காத எண்ணைச் சரமாகவே வையுங்கள்.

முதல் பிழையிலேயே சரிபார்ப்பு நின்றுவிடுவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எல்லாப் பிழையையும் எண்ணச் சொன்னால், வேண்டுமென்றே பெரிய குப்பையை அனுப்பி சர்வரைப் படுக்கவைக்க ஆள் இருக்கிறது. ஆனால் வரும் அந்த ஒரு செய்தியாவது தமிழில், எந்தக் கட்டத்தில் என்ன கோளாறு என்று சொல்லட்டும். பிழைச் செய்தியை நாமே வடிவமைக்க ஃபாஸ்டிஃபை இடம் கொடுக்கிறது. 'தவறான பெயர்' என்று ஒருவரின் முகத்துக்கு நேரே நம்மில் யாரும் சொல்ல மாட்டோம்.

உங்கள் டெஸ்ட் கோப்பில் இப்போது 'ஜான் டோ' என்ற ஆங்கில மாதிரிப் பெயர்க்காரர் இருப்பார். இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் ச. செல்வி, கு. மணி, ஸ்ரீதேவி, இரண்டு விதமாக எழுதிய கோமதி என்று ஐந்து வரி சேர்த்து, இந்த வாரமே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

அத்தையின் விண்ணப்பம் இன்னும் போகவில்லை. சலவ என்று அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்