அண்ணனுக்கு ஆடுகளம், தம்பிக்கு இடைநீக்கம்

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து நிர்வாகிகளுக்கும் அதன் 20 கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

2022 பிப்ரவரி 7 அன்று வெளியான அந்த வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது வெஸ்ட் ஹாம் அணியின் தடுப்பாட்டக்காரராக இருந்த கர்ட் ஸூமா தம் வீட்டுப் பூனையைக் காலால் உதைக்கிறார். ஒரு குழந்தையின் கையிலிருக்கும் பூனையை அறைகிறார். அதைப் படம்பிடித்தவர் அவருடைய தம்பி யோன். அன்றே கர்ட் மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஆகவே, நடந்ததா இல்லையா என்ற ஐயத்துக்கே இடமில்லை.

மறுநாள் இரவு வாட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கினார். பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது. வெஸ்ட் ஹாம் 1-0 என வென்றது. தம் வேலை வெல்வதற்கேற்ற அணியைத் தேர்ந்தெடுப்பது என்று பயிற்சியாளர் டேவிட் மோயஸ் விளக்கம் சொன்னார்.

தம்பி யோனும் கால்பந்து வீரர்தான். இங்கிலாந்துக் கால்பந்து லீக்குகளின் ஐந்தாம் அடுக்கில் இருந்த டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். விசாரணை முடியும்வரை அந்தச் சிறிய கிளப் அவரை இடைநீக்கம் செய்தது. உதைத்தவர் ஆடினார், கேமராவைப் பிடித்திருந்தவர் வெளியே உட்கார்ந்தார். அண்ணனை வாங்க வெஸ்ட் ஹாம் கொடுத்த விலை ஏறத்தாழ 3 கோடி பவுண்டு. இந்த வேறுபாட்டுக்கு வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் லண்டன் நீதிமன்றம் கர்ட்டுக்கு 180 மணி நேரமும் யோனுக்கு 140 மணி நேரமும் சமூகப் பணியைத் தண்டனையாக விதித்தது. நீதிபதி குற்றத்தை எடைபோட்டார், அதனால் உதைத்தவருக்குக் கூடுதல் கிடைத்தது. கால்பந்தின் தராசு நேர் எதிராகச் சாய்ந்திருந்தது.

வெஸ்ட் ஹாம் அபராதம் விதித்து, அந்தத் தொகையை விலங்கு நலனுக்குக் கொடுத்ததை மறுக்கவில்லை. 2023-இல் கர்ட் அந்த அணியின் கேப்டனானதிலும் எனக்கு வருத்தமில்லை. தண்டனையை முடித்தவர் திரும்பி வரத்தான் வேண்டும். பூனைதானே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2011-இல் மான்செஸ்டர் யுனைடெட் வீரர் பாட்ரிஸ் எவ்ராவை இனவெறியோடு ஏசியதற்காக லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரஸுக்கு 8 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. மறுநாளே லிவர்பூல் வீரர்கள் சுவாரஸின் படம் பொறித்த டிஷர்ட்டோடு மைதானத்துக்கு வந்தார்கள். அங்கே அவமதிக்கப்பட்டவர் ஒரு மனிதர். ஏசியவர் அணியின் தலைசிறந்த முன்கள வீரர் என்றதும், எவ்ராவின் வலி யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது.

புள்ளிக்காகப் போராடும் பயிற்சியாளரிடம், தம் சிறந்த வீரரை உட்கார வைப்பதா என்று கேட்பது அவருக்கும் நியாயமில்லை. அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். கிளப்புகளோடு தொடர்பில்லாத ஒரு குழுவை அமையுங்கள். கடுமையான புகார் எழுந்தால், வீரரின் விலையைப் பாராமல், அவரைத் தற்காலிகமாக விலக்குவதா என்று 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழு தீர்மானிக்கட்டும். குற்றம் நிரூபணமாகும்வரை சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம். தற்காலிக விலக்கல் தீர்ப்பாகாது. ஐந்தாம் அடுக்குக்கும் அதே விதி செல்லும்படி கால்பந்து சங்கத்தோடு பேசுங்கள்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே இதைச் செய்ய முடியும். செய்வீர்களா?

இப்படிக்கு,
சனி, ஞாயிறு இரவுகளில் உங்கள் ஆட்டங்களுக்காக விழித்திருக்கும் ஒரு தமிழ் ரசிகன்