பேய் இருக்கா இல்லியான்னு நீங்களே சொல்லிட்டா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாசம் நீங்க போட்ட திகில் நாவல் சிபாரிசு பக்கத்தைப் பார்த்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, பேய்க்கதைன்னாலே ரயில்ல படிச்சிட்டு சீட்லயே விட்டுட்டுப் போற சமாச்சாரம்னு ஒதுக்கி வச்சிருக்கறப்ப அதுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தீங்களே, அதுக்கே நன்றி சொல்லணும். ஆனா படிக்கப் படிக்க கோவம் வந்துடுச்சு. ஒரு நாவலுக்குக் கீழ "எல்லாம் சொத்துக்காக சித்தப்பா செய்த சதி என்று தெரிகிறது"ன்னு எழுதிட்டீங்க. அப்புறம் அதை நான் எதுக்குங்க வாங்கிப் படிக்கணும்?

எங்க ஊர் லைப்ரரில சில பாக்கெட் நாவல்ல முதல் பக்கத்துலயே எவனோ பால்பாயிண்ட் பேனாவால "டாக்டர்தான் கொலைகாரன்"னு எழுதி அடிக்கோடு வேற போட்டு வச்சிருப்பான். அவன் விளையாட்டுக்குப் பண்றான், ஒரு பத்திரிகை பண்ணலாமா?

துப்பறியும் கதைல கொலைகாரன் பேரு தெரிஞ்சாலும் எப்படிப் பிடிச்சாங்கன்னு படிக்கலாம். பேய்க்கதை அப்படி இல்லீங்க. மாடில கேக்கற சத்தம் ஆவியா, ஆளா, இல்ல அந்தப் பொண்ணோட மனசான்னு தெரியாம தவிக்கறோம் பாருங்க, பயமே அங்கதான் இருக்கு. சித்தப்பான்னு தெரிஞ்சிடுச்சுன்னா மூணாவது அத்தியாயத்துல வர்ற கொலுசு சத்தம் வெறும் கொலுசுதான்.

புதுமைப்பித்தனோட காஞ்சனை சிறுகதைதான், ஆனா எந்தத் திகில் பட்டியல் போட்டாலும் எனக்கு அதுதான் முதல்ல. வீட்டு வேலைக்குன்னு ஒரு பொம்பள உள்ள வர்றா, அவ்ளோதான் சொல்வேன். எண்பது வருஷமாகியும் ராத்திரி அதைப் படிச்சிட்டு தனியா கொல்லைப்பக்கம் போக முடியல. சுஜாதாவோட கொலையுதிர் காலத்துல பேயா விஞ்ஞானமான்னு கணேஷும் வசந்தும் மோதறப்ப நாமளும் பக்கத்துக்குப் பக்கம் கட்சி மாறிக்கிட்டே இருப்போம். இங்கிலீஷ்ல ஹென்றி ஜேம்ஸ் 1898ல எழுதின தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ, அந்த வீட்ல நிஜமாவே பேய் இருந்துச்சா, இல்ல புள்ளைங்களப் பாத்துக்க வந்த அம்மாவோட மனசுலயான்னு இன்னிக்கும் சண்டை ஓயல. டிராகுலா 1897, முழுக்க டைரி, கடிதம், தந்தின்னு போகும், அதை எழுதற கதாபாத்திரங்களுக்கே அடுத்து என்ன வரப்போவுதுன்னு தெரியாது, அதான் அவ்ளோ பதைக்குது.

அதனால சிபாரிசு பண்றப்ப கதையை விட்டுட்டு கதை நடக்கற இடத்தைச் சொல்லுங்க, பயம் எந்த மாதிரின்னு சொல்லுங்க, மெல்ல ஏறுமா இல்ல எடுத்ததுமே தூக்கிப் போடுமா, ரத்தம் ஜாஸ்தியா, ராத்திரி படிக்கலாமா, பசங்க கைல கொடுக்கலாமா. எங்க பெரியம்மா கேக்கறதெல்லாம் ஒண்ணுதான், "இன்னாம்மா, சாமி கதையா, பேய் கதையா?" அது தெரிஞ்சா போதும், மீதிய அவங்களே படிச்சுப்பாங்க.

2024 நவம்பர்ல எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் சார் காலமாயிட்டாரு. கோயில், காவல் தெய்வம், சித்தர்னு நம்ம மண்ணுல இருக்கறத வச்சே ஜனங்கள பயமுறுத்தினவரு, நம்பறவனையும் நம்பாதவனையும் ஒரே கதைல பேச விட்டவரு. அவருக்காகவாவது ஒரு தனிப் பக்கம் போடுங்க சார்.

இன்னொரு ஆசையும் இருக்கு. 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி வெள்ளைக்காரனை எதிர்த்து சிப்பாய்ங்க கிளம்பின வேலூர்க் கோட்டை எங்க ஊர்ல இருக்கு, கண்டியோட கடைசி ராஜாவ கைதியா கொண்டாந்து வச்சிருந்து 1832ல அவர் இங்கயே செத்து பாலாத்தங்கரைல சமாதி இருக்கு, மாசி மாசம் அதே பாலாத்துல மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு காளி வேஷம் கட்டிக்கினு கூட்டம் கூட்டமா வர்றாங்க. இத வச்சு ஒரு நல்ல திகில் நாவல் என் கண்ணுல படவே இல்ல. உங்க வாசகருங்க யாராச்சும் படிச்சிருந்தா பேரை மட்டும் எழுதச் சொல்லுங்க, முடிவு வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காட்பாடி