கடைசிப் பட்டறையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாகன உதிரிபாகங்களுக்கு அமெரிக்கா போட்ட வரியைப் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். ஏற்றுமதியாளர்கள் சொல்வது, பங்கு விலை இறங்கியது, டெல்லியில் நடக்கும் பேச்சு எல்லாம் வருகிறது. ஆனால் அந்தப் பாகத்தை லேத்தில் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறையைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினியால் இயங்கும் லேத்துகள் (சிஎன்சி) கொண்ட சிறிய பட்டறை நடத்துகிறேன், அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

வேலை எப்படிப் போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு எஃகு பின் (pin) என்றால், கம்பி ஓரிடத்தில் வாங்கி வெட்டப்படும், எங்களிடம் டர்னிங், அதாவது லேத்தில் கடைவது, நடக்கும், அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு இன்னொரு பட்டறை, கிரைண்டிங்குக்கு வேறொருவர், பிளேட்டிங்குக்கு இன்னொரு தெரு, அதன் பிறகு எங்களுக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனி, அங்கிருந்து பெரிய உதிரிபாகக் கம்பெனி, அவர்கள் வேறு நூறு பாகங்களோடு சேர்த்துப் பூட்டி கப்பலில் ஏற்றுகிறார்கள். என் பட்டறையில் கடைந்த பாகம் எந்த நாட்டில் எந்தக் காரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தக் கார் கம்பெனிக்கும் நான் ஒருவன் இருப்பது தெரியாது.

இந்த ஊரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிட்டனில் வைத்திருந்த ரேடியேட்டர் மூடி தயாரிக்கும் இயந்திர வரிசையைச் சுந்தரம் ஃபாஸனர்ஸ் வாங்கிக்கொண்டு வந்து இங்கே நிறுவி, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு மூடிகளை அனுப்பி, அவர்களிடமே சிறந்த சப்ளையர் விருதும் வாங்கியது. 1998-ல் சுந்தரம் கிளேட்டன் தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தத் தரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களைப் போன்ற பட்டறைக்காரர்கள் மைக்ரான் கணக்கில் வேலை செய்யக் கற்றுக்கொண்டோம். இன்று நாட்டின் உதிரிபாகத் தயாரிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தமிழ்நாட்டில் நடப்பதாகச் சொல்கிறார்கள் என்றால், அதில் பெரிய ஆலைகளோடு இந்தப் பட்டறைகளும் சேர்ந்துதான் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், மேலே எது நடந்தாலும் அதன் சுமை படிப்படியாக இறங்கிக் கடைசியில் இருப்பவரிடம் வந்து நின்றுவிடுகிறது, அவருக்குக் கீழே தள்ள ஆள் கிடையாது. 2025 மே 3 முதல் உதிரிபாகங்களுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. அங்கே வாங்குகிறவர் இங்கே ஏற்றுமதி செய்கிறவரிடம் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளச் சொல்வார், அவர் தன் சப்ளையரிடம் கேட்பார், அவர் எங்களிடம் வருவார். எனக்கு வேலை தரும் ஒரு கம்பெனி ஒரே ஒரு மின்னஞ்சலில் விலையைக் குறைக்கச் சொன்னது, பேச்சுவார்த்தை எதுவும் இல்லை. எஃகு விலை ஏறினால் இறங்கினால் அதற்கேற்ப ரேட்டைத் திருத்துவார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மின்கட்டணம், லேத்தில் வெட்டும் முனையான இன்செர்ட்டின் விலை, ஆபரேட்டர் சம்பளம், மெஷின் கடனுக்கான தவணை ஏறினால் ஒருவரும் திருத்துவதில்லை. நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் தாங்க முடியாமல்தான் 2023 செப்டம்பர் 25 அன்று மாநிலம் முழுக்கச் சிறுதொழில்கள் கதவடைத்தன. அதற்கு மேல் விலைக் குறைப்பு என்றால், எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோம், ஸ்பிண்டில் பேரிங்கை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவோம், ஒரு பையனை நிறுத்துவோம். வேறு எங்கிருந்து எடுப்பது?

பணம் வரும் விஷயம் இன்னும் மோசம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது, தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்றும் இருக்கிறது. அந்த வட்டியைக் கேட்டு மனு போட்டால் அடுத்த மாத ஆர்டர் பட்டியல் (செட்யூல்) வராது, இது தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பிறகு வருமானவரிச் சட்டத்தில், உரிய நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தச் செலவை, வாங்கிய கம்பெனி பணம் தரும் ஆண்டில்தான் தன் வரிக்கணக்கில் கழிக்கலாம் என்று 2024 ஏப்ரலிலிருந்து கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம், நான் வரவேற்கிறேன். ஆனால் ஆண்டு முடிவில் நிலுவை இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பதால், மார்ச்சில் பணம் வருகிறது, ஜூனில் பழைய நிலைதான். பில்லைத் தள்ளுபடி செய்து உடனே பணம் வாங்கும் ட்ரெட்ஸ் தளம் இருக்கிறது, 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேரவேண்டும் என்று கட்டாயமும் ஆக்கிவிட்டார்கள். ஆனால் சேர்ந்தால் மட்டும் போதாது, எங்கள் பில்லை அவர்கள் அதில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும், அதற்குக் காலக்கெடு வைத்துக் கட்டாயப்படுத்தாதவரை எங்களுக்குப் பயன் இல்லை.

இப்போது வந்திருக்கும் இன்னொரு விஷயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு பொருளைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்காக இறக்குமதியில் ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கார்பன் எல்லை வரி 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இது பெரிய இரும்பாலைகளின் பாடு என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட்டும் நட்டும் ஸ்க்ரூவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பது எஃகுப் பொருள்களில் இப்போதைக்கு வரிக் கணக்கில் வராது. அந்த எஃகு நிலக்கரி போட்ட உலையில் உருவானதா, பழைய இரும்பை மின்உலையில் உருக்கி வந்ததா, அதில் எவ்வளவு கார்பன் என்பதுதான் முக்கியமான கணக்கு. அதற்கு எஃகு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரும், ஆலை தரும் தரச் சான்றான மில் சர்டிபிகேட்டும், அந்த மில்லின் கார்பன் விவரமும் வேண்டும். மில்லிலிருந்து நேராக லோடு இறக்கும் பெரிய கம்பெனிக்கு இது ஒரு போன் வேலை. சாத்தங்காடு சந்தையில் வியாபாரியிடம் அரை டன், ஒரு டன் என்று எடுக்கிறவருக்கு சர்டிபிகேட்டின் நகல் கிடைத்தாலே பெரிய விஷயம், கம்பியின் நுனியில் அடித்த பெயிண்ட்டைப் பார்த்துத்தான் பல இடங்களில் கிரேடையே சொல்கிறார்கள். சரியான விவரம் இல்லையென்றால் அவர்கள் வைத்திருக்கும் பொது மதிப்பை, அதுவும் கூடுதலாகச் சேர்த்து, போட்டுவிடுவார்கள். செலவு கூடும், ஆர்டர் விவரம் தரக்கூடியவரிடம் போய்விடும். தரத்திலோ விலையிலோ தோற்று வேலையை இழந்தால் ஒத்துக்கொள்ளலாம், காகிதம் இல்லாததால் இழப்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

இதைத் தீர்ப்பது அவ்வளவு கடினமும் இல்லை. மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ ஒரு காலத்தில் சிறுதொழில்களுக்கு இரும்பை நேரடியாக விநியோகம் செய்தது. அதையே மறுபடி, அம்பத்தூர், ஓசூர், கோவை பகுதிகளில், மில்லிடம் மொத்தமாக வாங்கி, ஹீட் நம்பர் வாரியாகச் சான்றிதழோடும் கார்பன் விவரத்தோடும் சின்ன அளவில் விற்கலாம். வியாபாரிகள் விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் மில் சர்டிபிகேட் எண்ணை பில்லில் எழுதவேண்டும் என்று அரசு ஒரு விதி போடலாம்.

மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-ல் உற்பத்தியை நிறுத்தியபோது, அங்கே வேலை பார்த்த தொழிலாளர்கள் போராடி, பேசி, ஓர் இழப்பீட்டை வாங்கினார்கள், அது அவர்களுக்கு உரியதுதான். அந்த ஆலையை நம்பி மெஷின் வாங்கிய பட்டறைகளின் பெயர் அந்தப் பேச்சில் எங்குமே வரவில்லை. புதிய ஆலைக்குச் சலுகை கொடுத்து ஒப்பந்தம் போடும்போதே, உள்ளூர்ச் சிறு சப்ளையர்களுக்குப் பணம் எத்தனை நாளில், ஆலை மூடினால் தயாரித்து வைத்த சரக்கை யார் எடுப்பது என்று இரண்டு வரி சேர்க்க அரசுக்கு என்ன தடை என்பதை உங்கள் செய்தியாளர்கள் தொழில்துறையிடம் கேட்டு எழுதவேண்டும். பட்டறைகளுக்கு வந்து பார்க்க விரும்பினால் தாராளமாக வரலாம், எங்கள் தெருவில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்,
அம்பத்தூர், சென்னை