அது உறுமல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் நடுப்பக்கப் புலிப் படம் அருமை. ஆனால் அதன் கீழே ‘கோபத்தில் உறுமும் புலி’ என்று போட்டுவிட்டீர்கள். அந்தப் புலி உறுமவே இல்லை. மூக்கைச் சுருக்கி, மேலுதட்டைத் தூக்கி, நாக்கைத் தொங்கவிட்டு நிற்கிறது. இன்னொரு புலி விட்டுப்போன வாடையை மேலண்ணத்தில் உள்ள மோப்ப உறுப்புக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கோபம் என்றால் காதுகள் முறுக்கிக்கொண்டு, அவற்றின் பின்புற வெள்ளைப் பொட்டு முன்னால் தெரியும். உங்கள் படத்தில் அது தெரியவில்லை.

நானும் பல வருடம் புலியின் முகத்துக்காகவே கேமராவோடு அலைந்தவன்தான். இப்போது மரங்களைப் பார்க்கிறேன். தன் எல்லையைக் காட்ட, புலி வாலைத் தூக்கி, வாடையுள்ள சிறுநீரை மரத்தில் பின்பக்கமாகப் பீய்ச்சும். சாய்ந்த மரம் கிடைத்தால் தரையைப் பார்த்த கீழ்ப்பக்கத்தில் அடிக்கும், மழை சீக்கிரம் கழுவாது பாருங்கள். (வாசம்? வேகவைத்த பாசுமதி அரிசி மாதிரி! நம்புவது சிரமம்தான்.) கூடவே பின்னங்கால்களால் தரையைப் பிறாண்டி வைக்கும், மரத்தில் நகம் பதிக்கும். வாடை மங்க மங்கத் திரும்ப வந்து புதுப்பித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் புலி உள்ளே வந்துவிடும். இரை நிறைந்த இந்தியக் காட்டில் ஒரு பெண்புலிக்குச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் போதும். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் அதுவே 400 வரை போகும். இத்தனையும் நடந்தே காவல் காக்க வேண்டும்.

அந்த வேலையின் நடுவில்தான் நம் வண்டிகள் குறுக்கே போய் நிற்கின்றன. முகம் கிடைக்க வேண்டும் என்று ஓட்டுநரை முன்னால் போகச் சொல்கிறோம். மரத்தை நோக்கி வந்த புலி புதருக்குள் விலகிப் போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை தவறு எங்கள் வண்டியுடையதுதான்.

இன்னொன்று. எந்தப் புலி என்று அடையாளம் காண முகத்தைவிட விலாப் படம்தான் பயன்படும். வரிகள் புலிக்குப் புலி வேறு. ஒரே புலிக்கே இடப்பக்கம் வேறு, வலப்பக்கம் வேறு. கணக்கெடுப்பில் பாதையின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கிக் கேமரா கட்டுவது அதனால்தான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் படத்தின் இடது ஓரத்தில் ஒரு மரத்தின் விளிம்பு லேசாகத் தெரிகிறது, மீதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. வெட்டாத படம் கையில் இருந்தால் அடுத்த இதழில் போடுங்கள். அந்த மரத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்